அவர் மேல் மட்டும் பெய்த மழை

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து தரையில் கோடு கோடாக விழுந்திருக்கும். அதன் நடுவே ஸ்டூலைப் போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். மடியில் கறுப்பு எலெக்ட்ரிக் கிதார். அதிலிருந்து ஓர் ஒயர் சின்னப் பெட்டி ஒன்றுக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னோர் ஒயர் அவர் காதில் இருக்கும் ஹெட்போனுக்குப் போகும். ஹெவி மெட்டல் என்கிற அந்த இடிமுழக்கம் முழுவதும் அவர் காதுக்குள்தான் நடக்கும். எனக்குக் கேட்பதெல்லாம் கம்பியின் 'டிக், டிக்' மட்டும். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடைமழையில் நனைகிறவரைப் போல அண்ணாந்து, கண்ணை மூடி, எங்கோ இருப்பார். அவர் ஒருவர் மேல் மட்டும் மழை பெய்யும். நான் காய்ந்த தரையில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருப்பேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே நூறாயுசு சொல்லலாம். இப்படிப்பட்ட வீட்டில் இடிமுழக்கம் செய்ய முடியுமா? அதனால்தான் இந்த ஹெட்போன் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் பாலக்கரையில் ஒரு டயர் கடை மாடியில் சிநேகிதர்களோடு சேர்ந்து சத்தமாக வாசிப்பார். கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டு நானும் போனேன். மாடிப்படியிலேயே கைப்பிடி அதிர்ந்தது. நெஞ்சுக்குள் யாரோ உரல் இடிப்பது போலிருந்தது. பாதிப் படியிலேயே திரும்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தோளைத் தாண்டித் தொங்கும் அவர் தலைமுடியைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் சமயபுரத்து வேண்டுதல் என்றே நினைத்துவிட்டார்கள். பூக்காரம்மா மட்டும் விடாமல் கேட்பார். "எப்பம்மா முடி எறக்குறீங்க? ஆத்தாள ரொம்ப நாள் காக்க வெக்கக் கூடாதும்மா." மேடையில் தலையைச் சுழற்றுவதற்காக வளர்த்த முடி என்று அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டுப் பூவை வாங்கிக்கொண்டு வருவேன்.

அவருக்கு வேலை துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில். இரும்புத் தகட்டை வளைத்து, அடித்து, பற்றவைக்கும் வேலை. ஒரு நாள்கூடக் கச்சேரிக்காக ஷிஃப்டை விட்டதில்லை. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய குழு வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லிக் கூப்பிட்டபோது, "ஞாயித்துக்கெழமைன்னா வரேங்க" என்றார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று பாலக்கரைச் சிநேகிதர்கள் கிண்டல் செய்தார்கள். "ரெண்டு காலையும் ஆத்துல வெச்சா அடிச்சுக்கிட்டுப் போயிடும்யா" என்றார் இவர். கிதார்க் கம்பியையும் மற்றவர்களைப் போல முறுக்கி வைக்க மாட்டார். "இழுத்துக் கட்டினா கீச்சுங்கும். தளத்தி வெச்சாத்தான் கனமா விழும்." வேலையோ வீடோ எதற்கும் இதே பேச்சுதான். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கச் சொன்னாலும் இதையே சொன்னால் எனக்கு எரிச்சல் வராதா?

குக்கர் விசில் அவருக்குக் கேட்கவில்லை என்பதுதான் முதலில் தெரிந்தது. பக்கத்திலேயே நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவில்லை. அப்புறம் காதுக்குள் எந்நேரமும் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் இருப்பதாகச் சொன்னார். தில்லைநகரில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்ன செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் இவரை முந்திக்கொண்டு, "கிதாருங்க டாக்டர், எல்லாம் அதனாலதான்" என்றேன். இவர் மெல்லத் தலையாட்டி மறுத்தார்.

"இல்லீங்க. மேடையில இயர் பிளக் வெச்சுப்பேன். வீட்டுல சத்தத்தைக் கொறைச்சுதான் கேப்பேன். கம்பெனியிலதான் அதைக் கழட்டிடுவேன். அங்க பிரஸ் மிஷின் ஒரு தாளத்துல எறங்கும், ரெண்டு பேரு தகடு தட்டுவாங்க. அதக் கேட்டுத்தான் எனக்குப் பாட்டே வரும்."

இரைச்சலான இடத்தில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டு இருக்கும் இடத்தில் பத்திரமாக மூடிக்கொண்டிருக்கிறார் மனிதர். இப்படிக் கேள்விப்பட்டதுண்டா? டாக்டரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இனி ஹெட்போன் கூடாது, பாலக்கரை கூடாது, மீறினால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்றார். இவர் கம்பெனியில் கேட்டு ஸ்டோர் பக்கம் மாற்றிக்கொண்டார். இப்போது அங்கேயும் காதை அடைத்துக்கொள்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கிதார் உறைக்குள் போய்விட்டது. சாயங்காலம் வெறுமனே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. காது போய்விடுமோ என்பதைவிட, இவர் இப்படியே உட்கார்ந்துவிடுவாரோ என்ற பயம். போதாக்குறைக்கு, அந்த 'டிக், டிக்' இல்லாமல் எனக்கு அடுக்களையில் கை ஓடவில்லை. நான்தான் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டேன். மறுபேச்சில்லாமல் வந்து முடி இறக்கினார். "காது வந்தா வரட்டும். வராட்டி முடியாவது வரும்" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். பூக்காரம்மாவுக்கு ஒரே நிம்மதி. காது மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் சொன்னேன். "ஏங்க, ஒயரு மாட்டாமத்தான் கொஞ்சம் வாசிங்களேன்."

"அதுல என்ன இருக்கு? வெறுங்கம்பி."

"எனக்கு அதுதான் வேணும்."

என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு உறையைப் பிரித்தார். வாசித்துப் பார்த்தார். கேட்கவில்லை போலும். குனிந்து தாடையைக் கிதாரின் மரத்தில் அழுத்திக்கொண்டார். எலும்பு வழியாகக் கேட்குமாம். மறுபடி வாசித்தார். காவிரிக் காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்து, இருந்து, போனது. நான் எழுந்து விளக்குகூடப் போடவில்லை. பாதியில் நின்றுவிட்டார்.

"இதையா இத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருந்த?"

"ஆமா."

"ஓடிப்போகாம இருந்தியே."

அவர் சொந்தமாகப் போட்ட பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் அடுத்த அடிக்குத் தாவியது.

"அங்க அப்படி இல்லீங்க" என்றேன். "முந்தின அடி இன்னொரு தடவ வந்துட்டுத்தான் கீழ எறங்கும். விட்டுட்டீங்க."

அவர் தாடையை மரத்திலிருந்து எடுத்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"வேற என்னத்தக் கேட்டேன் நானு?"

அவர் கண் கலங்கியிருந்தது. ஆரம்பத்திலிருந்து மறுபடி வாசித்தார். நான் சொன்ன இடத்தில் இன்னொரு தடவை வந்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

வலது காது இப்போது அநேகமாகப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் தினம் சாயங்காலம் வாசிக்கிறார். எங்காவது சந்தேகம் வந்தால் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நான் கைவேலையை வைத்துவிட்டு, அந்த இடத்தை 'டிக், டிக்' என்று வாயால் தட்டிக் காட்டுவேன்.