காதுக்குள் நகர்ந்த கல்லும் தலைகீழ்க் கம்பியும்

அறந்தாங்கியில் நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்தில் மேல்தட்டுப் புத்தகங்களை யாரும் கேட்பதில்லை. மாசி மாதம் ஒருநாள் ஒருவர் கேட்டார். அண்ணாந்து கை நீட்டினேன். அலமாரி இடப்பக்கமாகச் சாய்ந்து, பிறகு முழுச் சுற்றாகச் சுற்றத் தொடங்கியது. புத்தகங்கள் எல்லாம் தலையில் விழப்போகின்றன என்று அதைத் தாங்கிப் பிடித்தேன். பார்த்தவர்களுக்கு, அசையாமல் நின்ற ஓர் இரும்பு அலமாரியை நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்திருக்கும்.

“இல்லன்னா பரவால்லங்க, நாளைக்கு வாரேன்,” என்றார் புத்தகம் கேட்டவர்.

அவர் பிறகு வரவே இல்லை.

அன்று படுக்கப் போனபோது மறுபடி வந்தது. வலப்பக்கம் திரும்பினால் கூரை சுழன்றது. எழுந்து உட்கார்ந்தால் வாந்தி. நூலகருக்கு நோய் வந்தால் உள்ள பெரிய ஆபத்து, கையெட்டும் தூரத்தில் மருத்துவப் புத்தகங்கள் இருப்பதுதான். நான்கு நாளில் மூளைக் கட்டி, கழுத்தெலும்புத் தேய்வு, ரத்தசோகை மூன்றையும் எனக்கு நானே உறுதி செய்துகொண்டேன்.

புதுக்கோட்டையில் காது மருத்துவர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது. அறை பம்பரமானது. அவர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிஸ்டாக்மஸ் (கண்மணி தானாகத் துள்ளுவது) அருமையாத் தெரியுதும்மா,” என்றார். எங்கள் மாவட்டத்தில் என்னை யாரும் அவ்வளவு ரசித்துப் பார்த்ததில்லை.

நோயின் பெயர் பி.பி.பி.வி. (தலையின் நிலை மாறும்போது சிறிது நேரம் வரும் சுற்றல்). உட்காதில் ஓட்டோலித் (நாம் நேராக நிற்கிறோமா என்று உணர்த்தும் பொடிக்கற்கள்) சில இடம் பெயர்ந்து, அரைவட்டக் குழாய்க்குள் உருண்டு போய்விட்டன. தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு உருட்டிவிட்டார். இரண்டு முறை செய்தார். சுற்றல் நின்றது. மருந்துகூட அதிகம் இல்லை.

இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நோய் போன பிறகுதான் நான் நோயாளியானேன்.

படுப்பதை நிறுத்தினேன். சோபாவில் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினேன். அண்ணாந்து பார்க்கவில்லை, குனிந்து கோலம் போடவில்லை. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பினேன், பேருந்து நிலையத்தில் வண்டி திருப்புகிற மாதிரி. ஒரே இடத்தில் இருக்கவும் முடியவில்லை. உட்கார்ந்தால் வந்துவிடுமோ, நின்றால் வந்துவிடுமோ என்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

என் கணவர் மோட்டாருக்குக் காயில் (செம்புக்கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்றுகிற எதையும் நிறுத்தத் தெரியாது, சுற்றாததைச் சுற்றவைக்க மட்டுமே தெரியும் என்பார். ஒருநாள் அவரும் பொறுமை இழந்தார். “அங்கிட்டும் இங்கிட்டும் எத்தன தடவ நடப்ப? உக்காரு, இல்ல படு. ஒன்னப் பாத்து எனக்குத் தல சுத்துது.”

ஆனி மாதம் மருத்துவர் மறுபடி சோதித்தார். “கல்லு அதோட எடத்துக்குப் போயிருச்சும்மா. உங்க கழுத்துக்குத்தான் இன்னும் யாரும் தகவல் சொல்லல. தலைய அசைங்க. படுங்க, பெரளுங்க, உடற்பயிற்சி செய்யுங்க. இப்படியே வச்சிருந்தீங்கன்னா மூளை நேரா இருக்கிறதயே மறந்துரும்.”

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பெனிட்டா பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். துபாயில் ஆறு வருடம் ஜிம்மில் வேலை பார்த்துத் திரும்பியவள். கணவன் இன்னும் அங்கே. அவன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடியில் கண்ணாடி, மெத்தை, திரைச்சீலை எல்லாம் போட்டிருந்தாள். நான் போய் நிபந்தனை வைத்தேன்.

“படுத்துச் செய்றது எதுவும் வேணாம் பெனிட்டா. எதையாவது புடிச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டே செய்ற மாதிரி ஏதாவது இருந்தாச் சொல்லு.”

அவள் யோசித்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை நின்ற எவர்சில்வர் கம்பியைக் காட்டினாள். “இது ஒண்ணுதான்க்கா இருக்கு.”

போல் டான்ஸ் என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் அன்று என் கண்ணுக்கு அது நடனக் கம்பியாகத் தெரியவில்லை. எட்டு அடி உயரக் கைப்பிடியாகத் தெரிந்தது. தலைசுற்றுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அது கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்காமல் சேர்ந்தது என் தவறு.

வகுப்பில் நாங்கள் நான்கு பேர். மூத்தவர் நாகம்மையக்கா, ஆலங்குடிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், ஐந்தரை அடிக்கு மேல் உயரம். கம்பியைத் துணி பிடிக்காது, தோல்தான் பிடிக்கும். ஆகவே முழங்காலுக்கு மேல் நிற்கும் கால்சட்டை வேண்டும் என்றாள் பெனிட்டா. என் மகன் பள்ளியில் போட்ட கால்பந்துக் கால்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பின்பக்கம் ஏழு என்று எண் இருந்தது.

கம்பியைச் சுற்றி நடப்பது, தொங்குவது, உட்காருவது வரை வந்துவிட்டேன். அடுத்தது இன்வெர்ட் (கையால் கம்பியைப் பிடித்து, இடுப்பை மேலே தூக்கி, முழங்கால் மடிப்பில் கம்பியைக் கொக்கிபோல் மாட்டித் தலைகீழாகத் தொங்குவது). மருத்துவரிடம் கேட்டேன். ரத்த அழுத்தம் பார்த்தார், கண் அழுத்தம் பார்த்து வரச் சொன்னார். பிறகு, “செய்யுங்க. பக்கத்துல ஆளு, கீழ மெத்தை, ரெண்டும் இருக்கணும்,” என்றார். அவர் மறுப்பார் என்று நம்பித்தான் கேட்டிருந்தேன்.

ஏழு வாரம் முயன்றேன். இடுப்பு எழுந்தது, வயிறு எழுந்தது, காலும் எழுந்தது. தலை பின்னால் போகவேண்டிய அந்தக் கணத்தில் இறங்கிவிடுவேன்.

“தலைய விடுங்கக்கா.”

“விட்டா போயிரும் பெனிட்டா.”

“எங்க போகும்? கழுத்துலதான இருக்கு.”

ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின் முதல் அரிவாள்மணை வரை சந்தனம் குங்குமம் வைக்கிற ஊர். கம்பிக்கு வைக்காமல் விடலாமா? பெனிட்டா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள், சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு. சோப்புப் போட்டுக் கழுவினோம். நூலகத்தில் இரும்பு அலமாரிகளை நான் தேங்காயெண்ணெய் தொட்டுத்தான் துடைப்பேன், பளபளவென்று இருக்கும். அந்த அறிவையும் பயன்படுத்தினேன். கீழ்ப்பாதி என் வேலை.

“மேலயும் பூசவா லைப்ரரியம்மா?” என்றார் நாகம்மையக்கா.

“பூசுங்கக்கா. அரகொறையா விடக்கூடாது.”

மேலே எவ்வளவு பூசினார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க அண்ணாந்தாக வேண்டுமே.

மறுநாள் விஜயதசமி. தொடங்கினால் தட்டாது என்று எல்லோரும் சேர்ந்து என்னை முன்னால் தள்ளினார்கள். பெனிட்டா வழக்கம்போல் ஸ்பிரிட் தொட்டுக் கம்பியைத் துடைத்தாள், தன் கையெட்டும் உயரம் வரை. அவள் குள்ளம்.

இடுப்பைத் தூக்கினேன். முழங்கால் மேலே மாட்டியது. நாளும் கிழமையும் பார்த்துத் தொடங்கியதால் வந்த துணிச்சலில் தலையை விட்டேன்.

கால் பிடித்த இடத்தில் பிடி இல்லை. தலைகீழாகவே வழுக்கிக்கொண்டு கீழே வந்தேன். பெனிட்டா தோளைத் தாங்கினாள். மெத்தையில் மல்லாந்து கிடந்தேன், மருத்துவரின் கட்டில் போக, எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

ஒன்று, இரண்டு வரை எதுவும் இல்லை. மூன்றில் வந்தது. கூரை வலப்பக்கமாக நகரத் தொடங்கியது. எழ முயன்றேன். பெனிட்டா நெஞ்சில் கைவைத்து அழுத்தினாள்.

“எந்திரிக்காதீங்க. அடி பட்டிருக்கான்னு பாக்கணும். அப்படியே கெடங்க.”

இதுவரை வீட்டில் சுற்றல் வந்த ஒவ்வொரு முறையும் நான் அலறி எழுந்திருக்கிறேன். ஒருமுறைகூட அது முடியும்வரை இருந்து பார்த்ததில்லை. இப்போது வேறு வழி இல்லை. எண்ணினேன். ஏழு. எட்டு. பதினொன்றில் தளர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் இன்னும் ஏதோ சுற்றியது.

“ஃபேன் சுத்துதா, நான் சுத்துறனா?”

“ஃபேன் ஓடுதுக்கா.”

“நிறுத்து.”

நாகம்மையக்கா போய் நிறுத்தினார். மின்விசிறி மெதுவாகி, மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்து, நின்றது. கூரையும் அப்படியே நின்றது. நான் எண்ணுவதை நிறுத்தினேன். பதினெட்டு.

“வழுக்கு மரத்துக்குப் பூசுற மாதிரில்ல பூசிப்புட்டோம்,” என்றார் நாகம்மையக்கா, கம்பியைத் தொட்டுப் பார்த்து. பெனிட்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். என்னைப் பார்த்துக் கம்பியில் ஏறாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். பேச்சுக் குழறினாலோ, கைகால் மரத்தாலோ அன்றைக்கே போங்கள், அது வேறு நோய். நான் விழுந்த மறுநாளே போனேன். ஓரிரண்டு கல் மீதியிருந்திருக்கலாம் என்று மீண்டும் ஒருமுறை உருட்டிவிட்டார். திரும்ப வருமா என்று கேட்டேன். “வரலாம்,” என்றார். அந்தப் பதிலை முன்பு கேட்டிருந்தால் இன்னொரு தலையணை வாங்கியிருப்பேன். இப்போது, “வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?” என்று கேட்டேன். “அரை நிமிஷம்.” அது எனக்குத் தெரியும்.

அன்று முதல் கட்டிலில் படுக்கிறேன். வலப்பக்கம் திரும்பும்போது இன்னும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில், கம்பி முழுவதையும் பெனிட்டா முக்காலி போட்டுத் துடைத்த ஒருநாள், இன்வெர்ட் வந்தது. முழங்கால் மடிப்பில் தோல் எரிந்தது. தலை தொங்கியது. கண்ணாடியில் என் முகம் சிவந்து, கன்னங்கள் நெற்றியை நோக்கி இறங்கி, யாரோ தூரத்து உறவினர் போல இருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. வரவேண்டிய இடத்தில் வரவில்லை. ஐந்து வரை காத்திருந்தேன். ஒன்பது மாதமாக அந்த நொடிகளுக்கெல்லாம் வேலை இருந்தது. இப்போது அவை சும்மா வந்து போய்க்கொண்டிருந்தன, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரைச்சீலை இடுக்கில் ஒரு மினி பஸ் வானத்தில் சக்கரம் உருள மெதுவாகப் போனது.

“போதும்க்கா, எறங்குங்க.”

“இரு,” என்றேன். “பஸ்ஸு போகட்டும்.”