சொல்லிட்டேன் மேடம்

ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பொய் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அல்சூரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, “சிக்னல்ல நிக்கிறேன் சார், இதோ வந்துட்டேன்” என்று போனில் சொல்கிற ஆள் நான். நாலாவதோடு பள்ளிக்கூடம் என்னைப் போதும் என்றுவிட்டது. மிச்சத்தை வாயை வைத்துத்தான் ஓட்டினேன்.

என் மனைவிக்கு வயிற்றில் இருப்பது கெட்ட கட்டி என்று தெரிந்த அன்றும் அந்த வாய்தான் முந்திக்கொண்டது. டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, சில மாதங்கள்தான் என்றார்.

“அவங்க உடம்பு. அவங்களுக்குத் தெரியணும். நான் சொல்லட்டுமா?”

“வேணாம் மேடம், பயந்துடுவா. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்.”

பயந்தது நான். வெளியே பெஞ்சில் இருந்தவளிடம், “வெறும் புண்ணுதானாம். காரம் கொறைக்கணுமாம்” என்றேன்.

“அப்ப இனிமே உனக்கும் அதே சப்புக் கொழம்புதான்யா” என்றாள்.

டாக்டரம்மா கொடுத்தது வலி மாத்திரை மட்டும். நான் மருந்துக் கடையில் ஒரு சத்து டானிக் வாங்கி, பம்பாயிலிருந்து வந்த மருந்து என்று கொடுத்தேன். ஒரு வாரம் அவள் முகத்தில் தெளிச்சி வந்தது, கூட ஒரு தோசை இறங்கியது. நான் பெரிய டாக்டராகிவிட்டேன். ஒவ்வொரு முறையும், “சொல்லிட்டீங்களா?” என்று டாக்டரம்மா காதோரம் கேட்பார். “சொல்லிட்டேன் மேடம். அவ எதிர்ல பேசாதீங்க, அழுவுறா” என்பேன்.

அவளுக்குக் கோலார் தங்கவயலில் ஓர் அக்கா. அக்கா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வழுக்கையைப் பற்றி நான் அடித்த ஜோக்கில் பேச்சுவார்த்தை நின்றது. வருஷக்கணக்காக நின்றேவிட்டது.

ஒரு நாள் அவளாகவே சொன்னாள். “யோவ், அக்காவப் பாக்கணும்போல இருக்கு.”

“கெளம்பு, இப்பவே போலாம்.”

“இந்த மூஞ்சியோடயா? சீக்கு வந்தாத்தான் அக்கா ஞாபகம் வருமான்னு கேப்பா. மருந்துதான் கேக்குதில்ல, நல்லா தேறிட்டுப் போறேன்.”

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. “ஆமா, கன்னம் கொஞ்சம் உப்பட்டும்” என்றேன்.

கன்னம் உப்பவே இல்லை. அவள் சாவுக்குத்தான் அக்கா வந்தார். காரியம் முடிந்த மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்னப் பத்தி எதனா சொன்னாளா?”

அக்கா அக்கா என்றே உயிரை விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. “வரணும்னுதான் சொன்னா அண்ணி. தேறிட்டு வரேன்னா. தேறமாட்டான்னு எனக்குத் தெரியும். அவகிட்ட நான் சொல்லல” என்றேன்.

“பாவி. தெரிஞ்சிருந்தா தவழ்ந்தாவது வந்திருப்பாளேடா” என்று அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் தங்கவயல் ரயிலுக்கு யாரையாவது இறக்கிவிட்டால், அடுத்த சவாரியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அன்று பெஞ்சிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? முதலில் அழுதிருப்பாள். பிறகு அக்காவிடம் போயிருப்பாள், இல்லை, அப்போதும் வீம்பு பிடித்திருப்பாள். எதுவானாலும் அவளே முடிவு செய்திருப்பாள். பிறகு எப்போதாவது சொல்லியிருந்தால்கூட, முந்தியே ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கிழித்திருப்பாள். அந்தத் திட்டு எனக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு தடவை, முழுசாக, அவள் வாயால் அதைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது.