பாக்கியத்தின் இரத்தம் உறைய மறுத்த நாள்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாளே மெஷினை நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. காலை எட்டரைக்குக் கையெழுத்துப் போட்டேன். பத்தரைக்கு எங்கள் இரத்தப் பரிசோதனை லெப்பின் ஒரே அனலைஸர் கீச்சென்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. மலையகத்து ஆஸ்பத்திரி அது. பெயரைச் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தவறு என்னுடையதுதான். சிவப்பு மூடி டியூப்பில் எடுத்த இரத்தம் முழுதாக உறைய வேண்டும். அதற்குப் பிறகுதான் அதைச் சுழற்றும் மெஷினில் வைத்துச் சுற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரிக்க வேண்டும். நான் அவசரக்காரி. பாதி உறைந்ததையே சுற்றிவிட்டேன். சீரத்தில் நூல் மாதிரி ஃபைப்ரின் மிதந்தது. மெஷினின் ஊசி அதை உறிஞ்சி அடைத்துக்கொண்டது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து படித்து வந்த முதல் டெக்னீஷியன் என்று என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்த சீஃப், அன்று மாலை வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று, சி.ஆர். கொப்பி, வாங்கினேன். மறுநாளிலிருந்து நான் எடுக்கும் ஒவ்வொரு இரத்தத்துக்கும் எடுத்த நேரம், உறைந்த நேரம் இரண்டையும் அதில் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். ஜாதகம் கணிக்கிறாயா என்று ஒருத்தி கேட்டாள். ரோஷக்காரிக்குக் கேலி செய்தால் பிடிவாதம் கூடும். பென்ஷன் போகும் வரை நான் எழுதினேன்.

2. தண்ணி தொடாத பாக்கியம்

பாக்கியம் றொசல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், சீனி வியாதிக்காரர். கணவர் இல்லை, ஒரே மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில். வயிற்று ஸ்கேனில் ஈரலில் கட்டி தெரிந்தபோது அவருக்கு வருத்தத்தை விடக் கோபம்தான் அதிகம் வந்தது.

“சாராயத்தைக் கையால தொட்டதில்லைங்க மிஸ். குடிச்சவன் எல்லாம் கல்லு மாதிரி இருக்கான். எனக்கு ஈரல்ல கட்டியாம்” என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

சீனி வியாதியும் ஈரலில் படியும் கொழுப்பும் போதும், சாராயம் வேண்டியதில்லை என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை.

ஈரல் புற்றுநோய்க்கு நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் புரதம் ஏ.எஃப்.பி. பலருக்குக் கட்டியோடு சேர்ந்து அதுவும் ஏறும். பாக்கியத்துக்கு ஏறவே இல்லை. மாதம் ஒரு தடவை எங்களிடம் கிளினிக்குக்கு வரும் சர்ஜன் இன்னொரு புரதத்தைக் கேட்டார். அதன் பெயர் பிவ்கா. அதை எங்கள் லெப்பில் பார்க்க வசதி இல்லை. சீரத்தைப் பிரித்து, ஃப்ரீசரில் உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். ரிப்போர்ட் வந்தபோது பிவ்கா மிகவும் உயரத்தில் இருந்தது. இது இவ்வளவு ஏறியிருப்பவர்களுக்குக் கட்டியை வெட்டி எடுத்தாலும் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்று சர்ஜன் அப்போதே, நோயாளி கையிலேயே இருக்கும் கிளினிக் கொப்பியில் எழுதினார்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இரண்டு மாதம் கழித்து நான் எடுத்த இரத்தத்தில் பிவ்கா சாதாரண அளவுக்கு வந்திருந்தது. பாக்கியம் சந்தோஷத்தில் லெப்புக்கு ஒரு பை முட்டைக்கோவா கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த இரத்தம் ஜனவரியில் எடுத்தோம். அதில் பிவ்கா மறுபடி எகிறியிருந்தது. சி.டி. எடுத்தார்கள். வெட்டிய ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்தது. தழும்பாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம் என்று ரிப்போர்ட் சொன்னது. ஆனால் பிவ்கா ஏறியிருக்கிறதே. திரும்பி வரும் என்று முதலிலேயே எழுதியும் வைத்தாயிற்று. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

3. மார்ச் மாத வெயில்

மார்ச் கிளினிக் வியாழக்கிழமை. கட்டி திரும்பிவிட்டது என்று சர்ஜன் பாக்கியத்திடம் சொன்னார். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆக வேண்டும், இரத்தக் குழாய் வழியாகக் கட்டிக்கு மருந்து செலுத்தப் பார்ப்போம், அதற்கு முன் பிவ்காவை இன்னொரு தடவை அனுப்புங்கள் என்று ஃபோர்ம் எழுதிக் கொடுத்தார்.

பாக்கியம் லெப்புக்கு வந்து கையை நீட்டினார். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பும் பழக்கம் உள்ளவர் அன்று திருப்பவில்லை. திங்கட்கிழமை போகப்போவதில்லை என்றார். மகளை வரச் சொல்லிவிட்டாராம். பெட்டியில் இருக்கும் நல்ல சேலைகளை அவளிடம் கொடுத்துவிட்டு, முடிந்த வரை மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து, முடியாதபோது படுத்துக்கொள்வாராம். பேரம் பேசும் குரல் இல்லை அது. முடிவு செய்தவரின் குரல். ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

பத்து மணிக்கு எடுத்த இரத்தம். பத்தே முக்காலுக்குப் பார்க்கிறேன், டியூப்பைச் சாய்த்தால் தண்ணீராக ஓடுகிறது. பக்கத்து ஸ்டாண்டில் அதற்குப் பிறகு எடுத்த ஆறேழு டியூப் உறைந்து உட்கார்ந்திருந்தன.

என்னோடு வேலை செய்த ஃபாஸ்மியா எட்டிப் பார்த்தாள். “ஈரல் நோயாளிதானே அக்கா. ஈரல் மோசமாப் போனா இரத்தம் லேட்டாத்தான் உறையும்” என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. படித்த யாரும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் கொப்பியைப் புரட்டினேன். ஒப்பரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில், ஈரலில் ஒரு பங்கை வெட்டி எடுத்திருந்த நேரத்திலேயே, பாக்கியத்தின் இரத்தம் இருபத்தைந்து நிமிடத்தில் உறைந்திருக்கிறது. ஜனவரியில் ஐம்பத்தைந்து நிமிடம். அந்த வரிக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தேன்: குளிர்.

மலைநாட்டு லெப்பில் வேலை செய்தவர்களுக்கு அது புரியும். ஜனவரிக் குளிரில் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் உறையும், இரத்தம் தாமதமாக உறையும். ஆகவே எது தாமதமானாலும் குளிரின் தலையில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். நானும் போயிருக்கிறேன். அன்று மற்ற டியூப்புகள் எவ்வளவு நேரத்தில் உறைந்தன என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தேன்: முப்பது, முப்பத்தைந்து. எழுதினேனே தவிர, பார்க்கவில்லை. இத்தனை வருடம் கொப்பி எழுதி என்ன பிரயோசனம் என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

இப்போது ஜன்னலில் மார்ச் மாத வெயில். குளிர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போட்டிருந்த லெப் கோட்டைக் கூடக் கழற்றாமல், பாக்கியத்தைப் பிடிக்கப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

4. இன்னொரு கொப்பி

பாக்கியம் பஸ்ஸுக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் கீழே நின்றபடியே, வேறு எங்காவது மருந்து எடுக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது என்று கேட்டேன். அவர் கை தானாக மடியிலிருந்த வெற்றிலைப் பையை மூடியது.

“ஏச மாட்டேங்க. சத்தியமா ஏச மாட்டேன். இறங்கி வாங்க” என்றேன்.

இறங்கி வந்தார். வெற்றிலைப் பைக்குள் ஒரு பேப்பர் உறையில் இளஞ்சிவப்பு மாத்திரைகள் இருந்தன. வார்ஃபரின்.

கதை இதுதான். எங்களுக்குக் கோவா கொடுத்த கையோடு, ஓய்வெடுக்கப் பொல்பிட்டியவில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே கால் வீங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டியபோது காலில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு இந்த மாத்திரையைக் கொடுத்து, தனியாக ஒரு கிளினிக் கொப்பியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று எங்கள் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றிருக்கிறார்.

“ஏங்க சொல்லல?”

“துண்டு இல்லாமப் போனேங்க மிஸ். தோட்டத்து டிஸ்பென்சரியில துண்டு வாங்காம வெளிய மருந்து எடுத்தா ஏசுவாங்கள்ல. பெரிய டொக்டர் கோவிச்சுக்கிட்டு, அங்கயே போய்ப் பாத்துக்கன்னு கொப்பியைத் தூக்கிப் போட்டுட்டா, நான் எங்க போவேன்?”

எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை. நானும் லயத்துப் பிள்ளைதான். தோட்ட டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு இல்லாமல் வெளி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, என் அம்மாவும் மருந்துப் போத்தலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவர். சர்ஜனுக்கு அந்தத் துண்டு என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது பாக்கியத்துக்குத் தெரியாது.

5. ஃபோர்ம் எங்கே?

பாக்கியத்தைத் திரும்பக் கூட்டிவந்து நீல மூடி டியூப்பில் இரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்த்தேன். வார்ஃபரின் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். சர்ஜன் புறப்படும் அவசரத்தில் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒழுங்கு பார்ப்பவர். டொக்டர் எழுதாத டெஸ்டை எப்படிச் செய்தீர்கள், ஃபோர்ம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். ஃபோர்ம் இல்லை சேர், மாத்திரை இருக்கிறது என்று மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

இளைய டெக்னீஷியன்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இரத்தம் உறைய ஈரல் ஒரு புரதத்தைச் செய்கிறது. அதை முழுமையாக்க விட்டமின் கே வேண்டும். பிவ்கா என்பது முழுமையாகாமல் வெளியே வரும் அந்தப் புரதம். ஃபெக்டரியிலிருந்து காயாத தேயிலை வெளியே வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் பிடித்த ஃபெக்டரி காயாத தூளை அனுப்பும், உண்மை. ஆனால் அடுப்புக்கு விறகை நிறுத்திவிட்டால் நல்ல ஃபெக்டரியும் அதைத்தான் அனுப்பும். வார்ஃபரின் செய்வது அந்த வேலை, விட்டமின் கேயை வேலை செய்ய விடாமல் நிறுத்துகிறது. பாக்கியத்தின் பிவ்கா கட்டியால்தான் ஏற வேண்டும் என்பதில்லை.

திங்கட்கிழமை அட்மிட் ஆகியிருந்தால் அங்கேயும் ஐ.என்.ஆர். பார்த்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பார்த்திருப்பார்கள். மாத்திரையைப் பாக்கியம் அங்கேயும் மறைத்திருப்பார். கட்டியும் திரும்பிவிட்டது, ஈரலும் கெட்டுவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவரும் நம்பிப் படுத்திருப்பார்.

சர்ஜன் திங்கட்கிழமையை வெட்டிவிட்டு எம்.ஆர்.ஐ. எழுதினார். பொல்பிட்டியப் பக்கத்து டொக்டரோடு அங்கேயே ஃபோனில் பேசினார். கால் மருந்து முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. முடித்துவிட்டு, நிறுத்திய பிறகு பிவ்காவைத் திரும்பப் பார்ப்போம் என்று முடிவானது. பிறகு பாக்கியத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், “அம்மா, நான் ஏசல்ல. எல்லாக் கொப்பியும் கொண்டு வாங்க” என்றார்.

பாக்கியம் அன்றுதான் அழுதார்.

எம்.ஆர்.ஐ.யில் அந்த நிழல் தழும்பு என்று வந்தது. மே மாதக் கடைசியில் கொழும்பு ரிப்போர்ட் வந்தது. நான் கவரை நின்றபடியே பிரித்தேன். பிவ்கா சாதாரணம். லெப் முழுவதும் கேட்கும்படி கத்தினேன். ஃபாஸ்மியா சிரித்துக்கொண்டே என் சி.ஆர். கொப்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த வாரமே அவளும் ஒன்று வாங்கினாள். எந்தக் கிளினிக் கொப்பியானாலும் கொண்டு வாருங்கள், துண்டு தேவையில்லை என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை கிளினிக் வாசலில் தொங்கியது. தமிழ் வரியை எழுதியது நான்.

6. கடைசி டியூப்

நான் பென்ஷன் போன வாரம் பாக்கியம் வழக்கமான செக்கப்புக்கு வந்தார். மறுபடி மலைக்குப் போகிறார், கொழுந்தை நிறைபோடும்போது கணக்கப்பிள்ளையோடு சண்டையும் போடுகிறார் என்று மகள் சொன்னாள். மகளின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பாக்கியம் என் மேசையில் கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஈரல் கிளினிக், சீனி கிளினிக், கால் கிளினிக். நாலாவதாக ஒன்று வைத்தார்.

“இது என்னங்க?”

“பேரனோட தடுப்பூசிக் கொப்பி மிஸ். எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்.”

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ரிப்போர்ட்டில் வரும் எண் ஒருவருடைய விதியைச் சொல்வது போலத் தோன்றும்போது, அந்த ஆளிடம் போய் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பஸ்ஸில் ஏறியிருந்தாலும் போய்க் கேளுங்கள். பயப்படாமல் பதில் சொல்கிற மாதிரிக் கேளுங்கள்.

அன்று பாக்கியத்தின் இரத்தத்தை நான்தான் எடுத்தேன். வேறு வேலை எதையும் தொடாமல் ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடத்தில் உறைந்தது. கொப்பியில் எழுதிவிட்டு, கொப்பியை ஃபாஸ்மியாவிடம் கொடுத்தேன்.