எஃகுக் கைக்காரனுக்குப் பசிப்பதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில், எங்கள் கரமனை வீட்டு ஹாலில் முப்பத்தெட்டுப் பேர் செத்துப்போனார்கள். எண்ணினேன். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது என்பது இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதானே?

ஜப்பான் கார்ட்டூன் படம். எப்போதும் மழை பெய்யும் ஒரு நகரம், பாதி மனிதர்கள், பாதி இயந்திரங்கள்... குப்பை லாரி ஓட்டும் ஒருவனுக்கு வலது கை துண்டாகிப் போகிறது. எஃகில் ஒரு கை பொருத்துகிறார்கள். அந்தக் கையால் ஊரையே பழிவாங்குகிறான் — கதை அவ்வளவுதான்.

இதை நாங்கள் பார்ப்பது இரண்டாவது தடவை. தெருவுக்குத் தெரு வீடியோ லைப்ரரி இருந்த காலத்தில், ஆரியசாலைக் கடை ஒன்றில் இந்தக் காஸெட்டைக் குழந்தைகள் படங்களோடு வைத்திருந்தார்கள். கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்குத்தானே? என் மகன் ஹரிக்கு அப்போது பதினாலு வயது. பள்ளி லீவு. குடும்பமாக உட்கார்ந்தோம். மூன்றாவது நிமிடத்தில் ஒருவன் தலை பறந்தது. என் மனைவி மீனாட்சி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். ஹரி கண் இமைக்கவில்லை. பிள்ளைகளைக் கெடுக்கும் ரத்தக்களறி என்று இதே பத்தியில் காய்ச்சி எழுதினேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

இப்போது ஹரிக்கு இருபத்தாறு. ஆறு மாதத்துக்கு முன் தம்பானூரில் ஒரு பஸ் அவன் பைக்கை உரசியது. வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

புதுக் கை வந்திருக்கிறது. ரப்பர் தோல், தோளைச் சுற்றிக் கட்டும் வார், பாதி மடங்கிய விரல்கள், நகம்கூட உண்டு. பார்க்கலாம், எதையும் பிடிக்க முடியாது. அவன் சாப்பிடுவது இடது கையால், ஸ்பூனில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இடது கை சோற்றுப் பக்கம் போகக் கூடாது என்று அடித்து வளர்த்த வீடு இது.

நாலு நாளில், வியாழக்கிழமை, மீனாட்சியின் அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம். கை போனதை மறைக்க மீனாட்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முழுக்கைச் சட்டை, உள்ளே ரப்பர் கை, முகூர்த்தத்துக்கு வந்து நிற்பது. பந்திக்குக் கூப்பிட்டால் விரதம் என்று சொல்லிவிடுவது. பழகட்டும் என்று கையை அந்த ஞாயிறு காலையே மாட்டியும் விட்டாள். ஹரி எழுந்து டிவி பக்கம் போனான். சிநேகிதனிடமிருந்து வாங்கி வந்த இந்த சிடியைப் போட்டான். படத்தில் அந்த லாரிக்காரன் எஃகுக் கையோடு எப்படிக் காலம் தள்ளினான் என்று பார்க்க வேண்டுமாம்.

பார்த்தோம். எஃகுக் கை சுவரை உடைத்தது, காரைத் தூக்கி எறிந்தது, கழுத்துகளை முறித்தது. முப்பத்தெட்டை முடித்துக்கொண்டு நான் நிமிர்ந்தபோது ஹரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பா, படம் முழுக்க இவன் ஒரு பிடி உண்டானோ? பாத்தேளோ?”

நான் அதை எண்ணவில்லை. யோசித்துப் பார்த்தால் — ஒரு வாய் தண்ணீர்கூட இல்லை. தோளில் வார் அறுக்கவில்லை. சட்டைப் பொத்தானோடு அவன் மல்லுக்கட்டவில்லை. அந்தப் படத்தின் பெரிய பொய் ரத்தம் இல்லை. கை போன மறுநாள் காலை என்று ஒன்று அதில் விடிவதே இல்லை.

ஹரி வாரை அவிழ்த்து ரப்பர் கையை டிவி மேல் வைத்தான்.

“இது வேண்டாம்மா. நான் பந்தியில உக்காந்து எடக்கையால உண்ணறேன்.”

“நாலு பேர் நடுவிலயா? என்ன சொல்லுவா?”

“பின்னே? எல்லாரும் உண்ணறச்சே நான் தூணைப் பாத்துண்டு நிக்கணுமா? போறும், மதிம்மா.”

வியாழக்கிழமை உட்கார்ந்தான். ஒரு பக்கம் நான், மறு பக்கம் என் அத்திம்பேர், அக்காவின் கணவர். சாம்பார் விளம்பியதும் ஹரி பையிலிருந்து ஸ்பூனை எடுத்தான். அத்திம்பேர் அந்த இடது கையைப் பார்த்தார். இலையை மூடினார். எழுந்தார்.

எல்லோரும் முடிக்கும் முன் பந்தியிலிருந்து ஒருவர் எழுந்தால் என்ன பொருள் என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டாம். பக்கத்து இலைக்காரனை மனிதனாக மதிக்கவில்லை என்று பொருள்.

ஹரி தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. பாயசம் வரை ஒன்றையும் விடாமல் சாப்பிட்டான். எனக்குத்தான் ஒரு பருக்கை இறங்கவில்லை.

அத்திம்பேர் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிப்பவர். இதையும் வாசிப்பார்.