அத்தை விட்டுவைத்த இடம்

எங்கள் சின்னாளபட்டி வீட்டில் சேலையில் காலி இடம் இருந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்கள் நாலு விரல் துணியைச் சும்மா விட்டாலும் அப்பா விடமாட்டார். அந்த வீட்டுக்குத்தான், எண்பதுகளின் நடுவில், சென்னையில் ஓவியம் படித்துவிட்டு அப்பாவின் தங்கை, என் அத்தை, திரும்பி வந்தாள்.

அவள் சேலைக்கு வரைந்தால் காகிதத்தில் ஒற்றை வட்டம் இருக்கும், ஓரமாக ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை எப்போது வரைவாய் என்று அம்மா கேலி செய்வாள். அத்தை சிரித்துக்கொண்டே மாடிக்குப் போய்விடுவாள். நானும் பின்னாலேயே போவேன். காய்கிற சேலைகளுக்கு நடுவில் படுத்துச் சிறுமலையைப் பார்ப்போம். மூட்டத்தில் மலை பாதி இருக்கும், பாதி இருக்காது. சேலைகள் காற்றில் எழுந்து முகத்தை மூடும். அப்போது நான் விழித்திருந்தேனா, தூங்கினேனா என்று இன்றும் தெரியவில்லை.

சென்னை ஜவுளிக்கடை ஒன்று டிசைனர் வேலைக்காக அவளிடம் மாதிரிச் சேலை கேட்டிருந்தது. பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் வேடசந்தூர் மாப்பிள்ளை என்று வீட்டில் பேச்சு. அத்தை ஒரு வாரம் உட்கார்ந்து முந்தானை மூலையில் மட்டும் முடிச்சுகள் போட்டாள். மீதி முழுக்க வெறும் துணி. மறுநாள் காலையில் அப்பா அதை நீலச் சாயத்தில் முக்குவார்; முடிச்சுப் போட்ட இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

அத்தை திட்டு வாங்கப் போகிறாளே என்று எனக்கு ஒரே கவலை. அன்று மதியம் அவள் திண்டுக்கல் போயிருந்தபோது, விரல் வலிக்க வலிக்க நடுவில் முடிச்சுகள் போட்டு, பழையபடி மடித்து வைத்தேன்.

மறுநாள் சாயம் காய்ந்ததும் அத்தை துணியை இழுத்தாள். நூல்கள் படபடவென்று தெறித்தன. நீலத்தின் நடுவே கோணல்மாணலாக என் வெள்ளைப் புள்ளிகள். அனுப்புவதற்கு அன்றுதான் கடைசி நாள்.

"இப்பத்தேன் சேலை மாதிரி இருக்கு" என்றார் அப்பா.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நீயா கட்டுன?"

"ஆமா அத்தை. நீங்க மறந்துட்டீங்கல்ல."

அவள் என் புள்ளி ஒன்றை விரலால் தடவினாள். "ஆமாத்தா, மறந்துட்டேன்" என்றாள்.

ஒரு மாதத்தில் சேலை திரும்பி வந்தது. இதுபோல் தங்கள் கடையில் ஏற்கெனவே நிறைய இருப்பதாகக் கூடவே ஒரு கடிதம். அத்தை அதை ஒருமுறை படித்து மடித்துவிட்டாள். என்னால்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. சென்னை இல்லை, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய வேடசந்தூர்தான் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல், அத்தை தூரமாக எங்கேயும் போகவில்லை என்று தெருவில் வீடு வீடாக ஓடிச் சொன்னேன்.