எந்த விமானம் எவ்வளவு தூரம் போகும்

என் தங்கையின் கணவரும் அவருடைய சித்தப்பா மகனும் சல்லிக் கரையிலிருந்து பின்னேரம் கடலுக்குப் போனவர்கள், மறுநாள் காலையில் திரும்பி வரவில்லை. மற்றப் படகுகளெல்லாம் கரைக்கு வந்து, மீன் ஏற்றும் வாகனமும் புறப்பட்டுப் போன பிறகு தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பார்மசியில் மருந்து கொடுக்கிறவள். மேசைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். என் கையில் யாருக்கோ கொடுக்க எடுத்த இருமல் மருந்துப் போத்தல் இருந்தது.

"அக்கா, இவர் இன்னும் வரேல்லை. எஞ்சின் நிண்டிருக்கும் எண்டு சொல்லுகினம். கச்சான் வெளியால தள்ளுது."

கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. அதில் எஞ்சின் நின்ற படகு கரைக்கு வராது, வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். எங்களுடையது மீன்பிடிக் குடும்பமில்லை. தங்கை அங்கே கலியாணம் செய்து போன பிறகு தெரிந்துகொண்ட விசயம் இது. போத்தலை யாரிடம் கொடுத்தேன் என்று நினைவில்லை. ஓட்டோ பிடித்துச் சல்லிக்குப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடற்றொழில் சங்கத்துக்காரர் மேலிடங்களுக்கெல்லாம் அறிவித்து முடித்திருந்தார்கள். சீனக்குடா விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தேடப் போகிறது என்று செய்தி வந்தது. அதைக் கேட்டதும் தங்கை எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அது எவ்வளவு தூரம் போகும்?"

குடும்பத்தில் படித்தவள் நான்தான் என்பது அவளுடைய நம்பிக்கை. விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒருமுறை இந்தியாவுக்குப் போய் வந்தபோது யன்னல் பக்கம் இருந்தது மட்டுமே. ஆனாலும் தெரியாது என்று அந்த நேரத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லண்டனில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகனுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் பொதிகள் விநியோகிக்கும் வாகனம் ஓட்டுகிறவர். லீவு நாட்களில் விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று விமானம் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு.

அண்ணாவின் பதில் உடனே வந்தது. இரண்டு எஞ்சின் உள்ள சின்ன விமானம் என்றால் ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றர் அளவில் போகும், மணித்தியாலத்துக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றர் வேகம் வரும் என்று எழுதியிருந்தார். நான் அதை அப்படியே தங்கைக்கு வாசித்துச் சொன்னேன்.

"ஆயிரத்து முந்நூறோ?" அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப அவர் எங்க நிண்டாலும் பிடிச்சிடும் என்ன?"

"ஓம், பிடிச்சிடும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் விமானம் எங்கள் தலைக்கு மேலால் கடலை நோக்கிப் போனது. கரையில் நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் அது வானத்தில் நிற்க வேண்டும். ஆனால் நாங்கள் தேத்தண்ணி குடித்து, சங்கத்துக்காரரிடம் இரண்டு தரம் விசாரித்து, வெயிலுக்கு ஒதுங்கி இருந்த நேரத்திலேயே அந்தச் சத்தம் திரும்பி வந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள், அதுதான் நேரத்தோடு வருகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றோம். பிறகு சங்கத்துக்காரருக்குத் தொலைபேசி வந்தது. ஒன்றும் காணவில்லையாம். எண்ணெய் அடித்துக்கொண்டு திரும்பப் போவார்களாம்.

தங்கை என்னைப் பார்த்தாள். "ஆயிரத்து முந்நூறு எண்டனீங்கள். இப்பதானே போனது. பாதியில விட்டிட்டு வந்திட்டினமோ?"

எனக்கும் விளங்கவில்லை. விளங்காதபோது கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அடுத்த ஓட்டோவில் நகரத்துக்குத் திரும்பி, கடற்றொழில் திணைக்களத்தில் விபரம் சேகரிக்கிற அலுவலர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் மூதூர் முஸ்லிம் ஆள், ஐம்பது வயதிருக்கும். எனக்கு முதலில் கதிரையைக் காட்டினார்.

"தங்கச்சி, நான் மீனுக்கும் படகுக்கும் பொறுப்பான ஆள். பிளேனைப் பத்தி அவங்க எனக்குச் சொன்னதத்தான் நான் உங்களுக்குச் சொல்றன்" என்று தொடங்கினார். "அந்தத் தூரம் எண்டுறது நேரா ஒரே போக்கில, உயரத்தில, தாங்கி நிறைய எண்ணெயோட போறத்துக்கு. தேடுறதெண்டா வயல் உழுறமாதிரி. அந்த அந்தம் வரைக்கும் போய், திரும்பி, பக்கத்துச் சால் பிடிச்சு வரணும். கீழால பறக்கணும். கீழால பறந்தா எண்ணெய் கூடக் குடிக்கும். பார்க்கிறதுக்கு ஆக்களையும் ஏத்தணும். ஆள் கூடினா எண்ணெய் குறைச்சுத்தான் ஏத்த ஏலும். திரும்பி வாறத்துக்கும் மிச்சம் வைக்கணும்."

"அப்ப ஆயிரத்து முந்நூறில எவ்வளவு மிஞ்சும், சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் வடிவாத் தெரியாது, தங்கச்சி."

ஹெலிகொப்டர் ஒன்றும் போகப்போவதாகச் சொன்னார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்கும் மறுநாளும் நான் தங்கை வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு அண்ணாவோடு வட்ஸ்அப்பில் வாதாடினேன். அவர் ஒவ்வொரு விமானத்துக்கும் விபரம் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒன்றில் தூரம் கடல் மைலில் இருக்கும், அடுத்ததில் கிலோமீற்றரில் இருக்கும். வேகம் நொட்டில், அதாவது மணித்தியாலத்துக்கு இத்தனை கடல் மைல் என்று வரும். எண்ணெய் நிறைக் கணக்கில், இறாத்தலில் வரும். மருந்தை மில்லிலீற்றரில் அளந்தே பழகிய எனக்கு அது பெரிய குழப்பமாக இருந்தது. எண்ணெயை ஏன் நிறுக்கிறார்கள் என்று கேட்டேன். விமானத்துக்குப் பாரம்தான் முக்கியம், வெக்கைக்கு எண்ணெய் விரியும், ஆனால் பாரம் மாறாது என்றார். அது விளங்கியது. விளங்கிய சந்தோசத்தில், நான் எதற்காக இதைக் கேட்டேன் என்பதை ஒரு நிமிடம் மறந்தேவிட்டேன்.

ஹெலிகொப்டரைப் பார்த்தால் வேகம் குறைவு, போகக்கூடிய தூரம் விமானத்தினுடையதில் மூன்றில் ஒரு பங்கு. எண்ணெய் மட்டும் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய அதேயளவு குடிக்கிறது. அப்படியென்றால் அதை ஏன் அனுப்புகிறார்கள்? அது ஒரே இடத்தில் நின்று ஆளைத் தூக்கும் என்றார் அண்ணா. அப்போ அதையே அனுப்பட்டுமே என்றேன். அவ்வளவு தூரம் போய் நின்றால் திரும்பி வர எண்ணெய் இருக்காது என்றார். தூரம் போகக்கூடியது நின்று பார்க்காது, நின்று பார்க்கக்கூடியது தூரம் போகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு படகு.

பிறகு அவர் ஜெட்டைப் பிடித்துக்கொண்டார். "ஜெட் அனுப்பச் சொல்லு. சும்மா பத்து நிமிசத்தில அவ்விடம் நிக்கும்."

நான் வெட்கத்தை விட்டு மூதூர் அலுவலருக்கு எடுத்து அதையும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "பத்து நிமிசத்தில போகும்தான். ஆனா அவ்வளவு வேகத்தில போறவர் தண்ணியில ஒரு சின்னப் படகைக் காணுவாரா, தங்கச்சி?"

மறுநாள் அண்ணாவே மாற்றிச் சொன்னார். ஜெட் கீழால் பறந்தால் எண்ணெய் கண்டபாட்டுக்கு எரியும், கொஞ்ச நேரம்கூட நிற்காது என்றார்.

"நேற்று வேற சொன்னீங்கள், அண்ணா."

"நேற்றுச் சொன்னதும் சரிதான். அது மேலால போனால்."

எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் பொருந்தவில்லை. விமானம் போகும் சத்தம் கேட்டால் நிம்மதியாக இருக்கும். திரும்பி வரும் சத்தம் கேட்டால் சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று விளங்காது. அவர்களைக் கண்டதால் வருகிறார்களா, எண்ணெய் முடிந்ததால் வருகிறார்களா? சத்தத்தில் அது தெரியாது.

எண்ணெயைப் பற்றிக் கதைத்தபோது அண்ணா சொன்ன ஒன்றை மட்டும் தங்கைக்குச் சொன்னேன். விமானத்துக்கு அடிப்பதும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெய்தானாம். எங்கள் பக்கத்துப் படகு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"அப்ப இவர்ட எஞ்சினும் அதுவும் ஒண்டைத்தான் குடிக்குதோ?"

"ஏறக்குறைய."

"இவரிட்டத் தாங்கியில இன்னும் இருக்கும், அக்கா. எஞ்சின்தானே நிண்டது. எண்ணெய் சும்மா கிடக்கும்." அவளுடைய குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா, இவ்வளவு கணக்குப் பாக்கிறீங்கள். உங்கட கணக்கில அவர் எங்க இருக்கிறார்?"

எனக்கு விமானங்களின் வேகம், தூரம், எண்ணெய் எல்லாம் தெரியும். படகைப் பற்றி ஒன்றுமே தெரியாது. காற்று எவ்வளவு தள்ளும், நீரோட்டம் எந்தப் பக்கம், அவர்கள் நங்கூரம் போட்டுப் பார்த்தார்களா, குடிக்கத் தண்ணீர் எவ்வளவு இருந்தது. நான் அண்ணாவிடம் இவற்றில் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை. கைத்தொலைபேசியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு மிச்சத் தேங்காயை நான் துருவினேன்.

அடுத்த நாள் முற்பகலில் அலுவலர் எடுத்தார். நான் சலாம் சொன்னேனா வணக்கம் சொன்னேனா தெரியாது. "தங்கச்சி, ரெண்டு பேரும் இருக்காங்க. உயிரோட இருக்காங்க. தெற்குப் பக்கத்து ஆழ்கடல் படகொண்டு ஏத்தியிருக்கு."

தங்கையிடம் சொன்னபோது அவள் எழும்பவில்லை. திரும்பத் திரும்ப "ரெண்டு பேருமோ? ரெண்டு பேருமோ?" என்றுதான் கேட்டாள்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு அந்தப் படகு பொழுதுபடும் நேரத்தில் வந்தது. தங்கையின் கணவர் உதடு வெடித்து, தோள் தோல் உரிந்து, சிங்களத்தில் ஏதோ எழுதிய ஒரு ரீசேர்ட்டோடு இறங்கினார். நடக்கும்போது தரை ஆடுவதாகச் சொன்னார். தங்கை அவருடைய கையைப் பிடிக்காமல் முழங்கைக்கு மேல் ரீசேர்ட்டைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை.

சித்தப்பா மகனும் பக்கத்தில் இருக்க, கஞ்சி குடித்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நான் கேட்டேன்.

"தம்பி, பிளேன் வந்ததைக் கண்டனீங்களோ?"

"கண்டனாங்கள், அக்கா. இல்லை, இவன்தான் கண்டவன். நான் சத்தம் கேட்டனான்."

"ரெண்டு எஞ்சினோ? ஹெலியோ?"

அவர் என்னைக் குழம்பிப்போய்ப் பார்த்தார். "ஒருக்கா வந்து போச்சுது. பிறகும் ஒருக்கா வந்தது. அது அதேதானோ வேறையோ தெரியேல்லை. நாங்கள் இடுப்பில கட்டின சாரத்தைக் கழட்டித் தூக்கி ஆட்டினனாங்கள். சூரியனுக்குள்ள போனதால கண் கூசிப்போச்சு."

விமானத்திலிருந்தவர்கள் ஏதோ தெரிந்ததாக அறிவித்ததால்தான் அந்தப் படகு அந்தப் பக்கம் திரும்பியது என்று அலுவலர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் துறைமுகத்தில் நின்ற ஒருவர், படகுக்காரர் தற்செயலாகத் தாங்களே கண்டதாகத்தான் சொன்னார்கள் என்றார். எது உண்மையென்று அறிய எனக்கு ஏனோ பெரிய அவசரம் இருந்தது. அண்ணாவோ முதலாவதுதான் உண்மை, அது இரண்டு எஞ்சின் விமானமாகத்தான் இருக்கும் என்று அடித்துச் சொன்னார்.

சில வாரம் கழித்துத் தங்கையும் அவளுடைய கணவரும் நானும் கருவாடும் பனங்கட்டியும் கட்டிக்கொண்டு தெற்கே அந்தப் படகுத் தலைவரின் ஊருக்குப் பஸ்ஸில் போனோம். எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும், பார்மசியில் பழகிய சிங்களம். ஒரு நாளைக்கு எத்தனை தரம், சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்பதெல்லாம் நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன், விமானம் சொல்லித்தான் போனீர்களா என்று. அவர் நீளமாக ஒரு பதில் சொன்னார், கையால் வானத்தையும் காட்டினார், கடலையும் காட்டினார். விமானம் சொன்ன பிறகு என்றாரா, விமானம் போன பிறகு என்றாரா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. திரும்பக் கேட்டேன். அவர் இன்னும் நீளமாகச் சொன்னார்.

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். தங்கை எழுந்துபோய்த் தட்டை வாங்கினாள். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லை. தங்கை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே கதைக்கத் தொடங்கினாள், அவர் சிங்களத்திலேயே பதில் சொன்னார். வெளியே படகுத் தலைவர் தன்னுடைய எஞ்சினின் மூடியைத் திறந்து காட்ட, தங்கையின் கணவர் குனிந்து உள்ளே விரலை விட்டு எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அதில் சீனி அதிகமாக இருந்தது.