மேல்முனையில் நின்றவர்

ஓவர்சியர் அக்காவின் ஸ்கூட்டரில், முன்பக்கக் கொக்கியில், எப்போதும் ஒரு மஞ்சள் பை தொங்கும். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற சாதாரணத் துணிப்பைதான். பார்க்கிறவர்கள் காய்கறி என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பது மரத்தூள். அரியாங்குப்பத்தில் ஒரு மரப்பட்டறையிலிருந்து வாரிக்கொண்டு வந்து, வாசல் கோலத்துக்குக் கரை கட்டுகிற காவிப்பொடியைக் கலந்து, செக்கச்செவேலென்று ஆக்கி வைத்திருப்பார். ஊரெல்லாம் மழை பார்த்துச் சந்தோஷப்படுகிற நாட்களில், அந்தப் பை இன்றைக்கும் என் கண்முன்னால் வந்து தொங்கும்.

நாங்கள் இருவரும் மழைநீர் வடிகால் பிரிவில் வேலை பார்த்தோம். நான் இளநிலைப் பொறியாளர். அவர் ஓவர்சியர், வயதில் மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. புதுச்சேரியில் ஒரு கட்டடம் எழும்பும்போது மழைத்தண்ணீர் போகிற வழியை அடைக்கக் கூடாது, தோண்டிய மண் கரைந்து தெருவுக்கு வரக் கூடாது, மணலையும் ஜல்லியையும் வாய்க்காலுக்குள் தள்ளக் கூடாது. இதையெல்லாம் வேலை நடக்கும்போதே போய்ப் பார்த்து, கேட்காதவர்களின் வேலையை நிறுத்துவது எங்கள் பிழைப்பு. விதி காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் போய் நின்றால், "நாளைக்கு எடுத்துடுறோம் சார்" என்று சொல்லி டீ வாங்கிவர ஆள் அனுப்புவார்கள். அக்கா அந்த டீயை நிதானமாகக் குடிப்பார். குடித்துவிட்டு, "நாளைக்கு வேணாம். இங்கயே உக்காந்திருக்கேன், இப்பவே எடுங்க" என்பார். எடுக்கும்வரை உட்கார்ந்தும் இருப்பார்.

வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை, இடித்த சுவரின் குப்பையை ஒரு லாரி பின்னோக்கி வந்து வடிகாலில் கொட்டப் பார்த்தது. அக்கா லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறான், கீழே இறங்கிக் கத்துகிறான். "என் மேல கொட்டுடா, அப்புறம் வாய்க்கால்ல கொட்டு" என்றார். மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் கூடையை விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். லாரி வந்த வழியே போனது. அவர் அதுவரைக்கும் நல்லவராக நடித்தார் என்று நினைத்துக்கொள்ள முடிந்தால் எனக்கு மனசு லேசாகியிருக்கும். நடிக்கவில்லை. அதுதான் என் தொல்லை.

மரத்தூளுக்கு வருகிறேன். திறந்த வாய்க்காலைக் கண்ணால் பார்த்துவிடலாம். கான்கிரீட் போட்டு மூடிய வாய்க்காலுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கான்கிரீட் போடும்போது தாங்குவதற்காக உள்ளே பலகையும் முட்டுக்கம்பும் வைப்பார்கள். இறுகிய பிறகு ஓர் ஆள் தவழ்ந்து உள்ளே போய் அதையெல்லாம் பிரித்து எடுக்க வேண்டும். இருட்டு, புழுக்கம், முதுகை நிமிர்த்த முடியாது. அதனால் பலர் அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் பூசி மெழுகிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க அக்கா வைத்திருந்த வழிதான் அந்தச் சிவப்புத் தூள். ஒருவர் மேல்முனையில் நின்று, டேங்கர் தண்ணீரோடு தூளைக் கொட்ட வேண்டும். இன்னொருவர் கீழ்முனையில் நின்று பார்க்க வேண்டும். தூள் வந்தால் வழி இருக்கிறது. வராவிட்டால் உடை என்று சொல்லிவிடுவோம். அலுவலகத்தில் இதைக் கேலி செய்தவர்களும் உண்டு. நான் வேதவாக்காக நம்பினேன்.

துணி மில் ஓடிய காலத்தில் தொழிலாளர்கள் குடியேறிய பள்ளமான தெரு ஒன்றில் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டுக் கூடத்தில் தையல் மிஷின்கள் போட்டு, ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். அந்தத் தெருவுக்கு மேற்கே, வாய்க்கால் ஓடிய மனையில், பெரிய அடுக்குமாடி ஒன்று எழும்பியது. மண் தோண்டிய நாளிலிருந்தே எங்களுக்கும் அவர்களுக்கும் சண்டை. சேறு தெருவுக்கு வழிந்தது, வேலையை நிறுத்தினோம். வாய்க்காலைக் கான்கிரீட் பெட்டியாகக் கட்டித்தர ஒப்புக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அந்தப் பெட்டி சரியாக இருந்தால் தெரு பிழைக்கும், இல்லாவிட்டால் ஐப்பசியில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். தங்கை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ண்ணா, நீ பாத்துச் சொல்லிடு, போதும்" என்பாள்.

மழைக்கு முன்னால் சோதனை வைத்தோம். வழக்கமாக யார் எந்த முனை என்று நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை, அவரவருக்குத் தோன்றியபடி நிற்போம். அன்றைக்கு அக்கா, "உன் தங்கச்சி தெரு, நீ கீழ நில்லு தம்பி. அவங்களுக்கும் ஒரு தெம்பு" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். தெருவே வாய்க்கால் ஓரத்துக்கு வந்துவிட்டது. என்னைச் சுற்றிப் பெண்கள், இடுப்பில் குழந்தைகள். பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் தொப்பியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மனையைச் சுற்றித் தகர அடைப்பு இருந்ததால் மேல்முனை எங்களுக்குத் தெரியாது. அக்காவின் குரல் போனில் வந்தது. "போட்டுட்டேன் தம்பி, பாத்துக்க." கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. அதன் பின்னாலேயே சிவப்புத் தூள், நுரைத்துக்கொண்டு, வாய்க்கால் அகலத்துக்குப் பரவி வந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். யாரோ கை தட்டினார்கள். பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்து, "மெர்சி, மிசே, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் என் பேச்சை நம்பி அந்தத் தெருவில் யாரும் ஒரு சாமானைக்கூட மேலே ஏற்றவில்லை. தண்ணீர் விடியற்காலையில் வந்தது. மேற்கே தேங்கிய மழை மொத்தமும் வாய்க்காலில் போக வழியில்லாமல் மனையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு தெருவில் இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை முழங்காலுக்கு மேல் சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். மிஷின்கள் மோட்டாரோடு முழுகிக் கிடந்தன. தைத்து மடித்து வைத்த சீருடைகள் கூடத்தில் மிதந்தன. என்னைப் பார்த்து அவள் ஒன்றுதான் கேட்டாள். "அங்க நின்னு சிரிச்சியேண்ணா, தெரிஞ்சேவா சிரிச்ச?"

மழை விட்டதும் கான்கிரீட்டை உடைக்கச் செய்தேன். உள்ளே பலகைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அவற்றில் சிமெண்ட் சாக்கும் பிளாஸ்டிக்கும் சிக்கி, சுவர் எழுப்பினாற்போல் அடைத்திருந்தது. இதன் வழியாகத் தூள் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற சித்தாள் பெண் விவரம் தெரியாமல் சொன்னாள். "அன்னிக்கி இந்த மூடியத் தொறந்துதான சார் மேடம் கொட்டுனாங்க? டேங்கர் பைப்பையும் இதுலதான் வுட்டோம்." அவள் காட்டியது ஆள் இறங்குவதற்காக வாய்க்கால் மேல் விட்ட மூடி; பலகைகள் அடைத்த இடத்தைத் தாண்டி, கீழ்ப்பக்கமாக இருந்தது. அன்றைக்குத் தூள் மேல்முனையில் விழவே இல்லை.

அக்கா வீட்டுக்கு நேராகப் போனேன். மறைக்கவில்லை அவர். அந்த மனையின் சைட் இன்ஜினியர் அவர் மகளுக்கு நிச்சயமான பையன். பலகையை எடுக்காமல் விட்டது அவன்தான். உடைக்கச் சொன்னால் அவன் வேலை போகும், கல்யாணம் நிற்கும். "ஏற்கெனவே ஒரு தடவ நின்னுபோச்சு, ரெண்டாம் தடவயும் நிக்கப்போவுதுடா தம்பி. ஒரு மழைக்குத் தாங்கும், அப்புறம் சத்தமில்லாம எடுத்துடுறேன்னான். நம்பிட்டேன்" என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. என்னிடம் சொல்லியிருக்கலாமே, அந்தப் பையனை வைத்தே பலகையைப் பிரித்திருக்கலாமே என்று கேட்டேன். பிறகு, கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நான் இன்றுவரை நினைக்கிற கேள்வியைக் கேட்டேன். அன்றைக்கு ஏன் என்னைக் கீழே நிற்கச் சொன்னீர்கள்?

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "வேற யாரு நின்னாலும் ஒரு நட மேல வந்து பாத்திருப்பாங்க. நீ வரமாட்ட."

நான் அறிக்கை கொடுத்தேன். அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கல்யாணமும் நடந்தது, நான் போகவில்லை. அந்தப் பையன் இப்போது தவளக்குப்பம் பக்கம் இன்னொரு கட்டடம் கட்டுவதாகச் சொல்கிறார்கள். அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். கடைத்தெருவில் எதிரே வந்தால் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம். லாரிக்குப் பின்னால் நின்ற பெண்ணும் மூடியைத் திறக்கச் சொன்ன பெண்ணும் ஒருவர்தான் என்பதை நான் இன்னும் ஜீரணித்தபாடில்லை. பொய் சொன்னதைக்கூட ஒரு தாயின் பயம் என்று விட்டுவிடலாம். என் நம்பிக்கையை அளந்து பார்த்து, அது எந்த இடத்தில் குருடு என்று தெரிந்து, அந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாரே, அதை என்னால் விட முடியவில்லை.

நான் ஏமாற்றப்பட்டேன் என்பதைத் தங்கைக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். வாய்க்காலைப் பிறகு அகலமாகவே கட்டிவிட்டார்கள். இந்த வருஷம் மழை ஆரம்பிக்கிற நேரத்தில் நானே உள்ளே இறங்கி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தவழ்ந்து பார்த்தேன். ஒரு குச்சிகூட இல்லை. சேறு காயாத சட்டையோடு அவள் வீட்டுக்குப் போய், "சுத்தமா இருக்கும்மா. என் கண்ணால பாத்தேன். இனிமே தண்ணி வராது" என்றேன்.

"சரிண்ணா" என்றாள் தங்கை. "அந்தப் பக்கம் கொஞ்சம் புடி. இந்த மிஷினக் கட்டில் மேல ஏத்தணும்."